போர்க்களத்துப் பேனா

போர் நடைபெறும் நாட்களில் செய்தித்தாளைக் கையில் எடுக்கும் நாம், எந்த நகர் வீழ்ந்தது, எத்தனை பேர் மாண்டனர் என்று ஆவலோடு படிக்கின்றோம். இதை எழுதியவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. அக்கேள்வி எத்துணை இன்றியமையாதது என்பதை, போர்ச் செய்தியாளர்களின் முன்னோடி எனப் போற்றப்படும் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸலின் எழுத்துக்களே நமக்குக் காட்டுகின்றன.

ரஸ்ஸல் அயர்லாந்தில் பிறந்தவர். இலண்டன் 'டைம்ஸ்' இதழில் பணியாற்றியவர். அவருக்கு முன்பும் போர் நிகழும் நாடுகளுக்கு ஆள் அனுப்பிய இதழ்கள் இல்லாமற் போகவில்லை. 1808ஆம் ஆண்டில் 'டைம்ஸ்' இதழே ஹென்றி கிராப் ராபின்சன் என்பாரை ஸ்பெயினுக்கு அனுப்பியது. எனினும் படைத்தலைவர்கள் அரசுக்கு விடுத்த அறிக்கைகளையும், அதிகாரிகள் தம் வீட்டாருக்கு எழுதிய மடல்களையும் கொண்டே இதழ்கள் பெரும்பாலும் தம் பக்கங்களை நிரப்பி வந்தன. போரை நடத்தியவரே போரைப் பற்றி எழுதிய காலம் அது.

1854ஆம் ஆண்டில் உதுமானியத் துருக்கிக்குத் துணையாகப் பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவை எதிர்த்துப் போரில் இறங்கின. 'டைம்ஸ்' ஆசிரியர் டிலேன் தம் செய்தியாளரைப் படையோடு அனுப்பி வைத்தார். தலைமைத் தளபதி ராக்லன் பிரபுவோ அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரஸ்ஸல் மனந்தளராது, கண்டதை எழுதினார். வாந்திபேதியில் மடிந்த வீரர்கள், குளிர்காலத்தில் உடையும் கூரையுமின்றி வாடிய வீரர்கள், ஒழுங்கற்ற நிர்வாகம் ஆகிய அனைத்தும் அவருடைய மடல்களில் இடம்பெற்றன. அக்டோபர் 25ஆம் நாள் பாலக்ளாவாவில், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் ஆணையினால் அறுநூறுக்கும் மேற்பட்ட குதிரை வீரர்கள் பீரங்கிகளின் வாய்க்குள் பாய்ந்த நிகழ்ச்சியை அவர் எழுதி விடுக்க, அது நவம்பர் 14ஆம் நாள் இலண்டனில் அச்சேறிற்று. இருபது நாட்கள் பழைய செய்திதான்; ஆயினும் நாடே அதிர்ந்தது.

இஸ்தான்பூலை அடுத்த உஸ்குதாரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனையின் அவலத்தை முதலில் வெளியிட்டவரும் ரஸ்ஸலே என்று பலர் எழுதுகின்றனர். அது பிழை. அப்புகழுக்கு உரியவர் அந்நகரிலிருந்த மற்றொரு 'டைம்ஸ்' செய்தியாளரான தாமஸ் செனரி. அச்செய்தியைத் தொடர்ந்தே புளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியருடன் அங்கே சென்றார். 1855 சனவரியில் பாராளுமன்றத்தில் தோல்வியுற்று அபர்டீன் பிரபுவின் அமைச்சரவை கவிழ்ந்தது. படைத்தலைமை சும்மா இருக்குமா? 1856 பிப்ரவரியில், பகைவருக்குப் பயன்படும் செய்திகளை வெளியிடலாகாது என்று தளபதி காட்ரிங்டன் ஆணை பிறப்பித்தார்.

இத்துணைச் சிறந்த எழுத்தாளர் துருக்கியருக்கு மட்டும் அநீதி இழைத்துவிட்டார். பாலக்ளாவாச் சமவெளியின் மண் அரண்களை அன்று காத்து நின்றவர்கள் உதுமானியப் படையினர். ரஷ்யரின் பெரும்படை விடியற்காலையில் அவர்கள்மீது பாய்ந்தது. தொலைவிலிருந்த மேட்டில் ராக்லனின் குழுவினர் பக்கமாக நின்று நோக்கிய ரஸ்ஸலின் கண்ணுக்குப் பட்டதெல்லாம் அரண்களை விட்டு ஓடிய துருக்கியரே. அவ்வாறே எழுதினார்; இலண்டனும் நம்பிற்று. அவர்கள் ஓடியது உண்மை. ஆனால் ஓடுவதற்கு முன் முதல் அரணில் அவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்று போரிட்டதையும், அங்கே சுமார் 170 பேர் உயிர் துறந்ததையும் அந்த மேட்டிலிருந்து காண இயலவில்லை. 'கோழைகள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நேச நாட்டு வீரர்களாகிய அவர்களைப் பிரிட்டிஷார் ஏளனம் செய்தனர். சுமை தூக்கும் கூலிகளாக நடத்தினர்.

இதே ரஸ்ஸல் 1858 தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். 1857ஆம் ஆண்டு எழுச்சியில் ஆங்கிலப் பெண்கள் அங்கங்கள் சிதைக்கப்பட்டனர் என்னும் கதைகள் இலண்டனில் பரவி, பழிவாங்கும் வெறியை மூட்டியிருந்தன. 'டைம்ஸ்' இதழே அவ்வெறிக்கு எண்ணெய் வார்த்தது. ரஸ்ஸல் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். கான்பூரில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் அக்கட்டடத்தின் சுவர்களில் மாண்ட பெண்கள் எழுதியனவாகக் காட்டப்பட்ட வாசகங்கள், ஹேவ்லக்கின் படை நுழைந்தபோது அங்கே இருந்தவையல்ல என்று அவர் பதிவு செய்தார். முஸ்லிம்களைக் கொல்லுமுன் பன்றிக் கொழுப்பைப் பூசியதையும், பன்றித் தோலில் வைத்துத் தைத்ததையும் மறைக்காமல் எழுதி, வெட்கக்கேடு என்று கண்டித்தார். இலக்னோவில் கைசர்பாக் அரண்மனை சூறையாடப்பட்டதை நேரில் கண்டார்.

தில்லியில் சிறையிருந்த முதிய பகதூர்ஷாவையும் பார்த்தார். அவரைப் பலவீனர், கொடியவர் என்றே ரஸ்ஸல் கருதினார். ஆயினும் முன்னோர் ஆண்ட நிலமெல்லாம் சிறுகச் சிறுகப் பறிக்கப்பட்டு வெறும் பட்டத்தோடு விடப்பட்டவரை 'நன்றி கெட்டவர்' என்று தூற்றுவது எவ்வாறு பொருந்தும் என்றும் அவரே கேட்டார். ரஸ்ஸல் பேரரசின் பகைவரல்லர். காம்பெல் தளபதியின் பாசறையிலேயே உண்டு உறங்கியவர். இலக்னோவையும் தில்லியையும் நடந்து சென்று, கேட்டு, பார்த்து எழுதினார்; பாலக்ளாவாவில் மேட்டில் நின்று எழுதினார். வேறுபாடு அவ்வளவே என்று எனக்குத் தோன்றுகின்றது.

பிற்காலத்தில் அவர் தம் பிழையையும் ஒப்புக்கொண்டார். முதல் அரணிலிருந்த துருக்கியர் தம்முள் காற்பங்குக்கு மேற்பட்டோரை இழந்த பின்னரே அதை விட்டு நீங்கினர் என்றும், அதை அறியாமல் அவர்களை நடத்திய முறை நேர்மையன்று என்றும் எழுதினார். பாலக்ளாவாத் துறைமுகத்தில் சுமை தூக்கிய அவ்வீரர்களுள் பலர் 1854ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலேயே நோயால் மடிந்து போயிருந்தனர்.