கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வந்ததும் பார்க்க வேண்டிய விஷயங்கள் என்னென்ன? வாசனை வந்தா முதல்ல என்ன செய்யணும்? முழு விவரம்!

காலிங் பெல் அடிக்குது. டெலிவரி பண்றவர் சிலிண்டரை இறக்கி வைக்கிறார், ஓடிபி கேட்கிறார், பணத்தை வாங்கிட்டு கிளம்பிடுறார். பெரும்பாலான வீடுகளில் இது ரெண்டு நிமிஷத்தில் முடிஞ்சுபோற வேலை. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்தில் நாம பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கு. எடை குறைஞ்சா நஷ்டம் பணத்தோட போயிடும். வால்வில் கோளாறு இருந்தா உயிருக்கே ஆபத்து. சமையல் கேஸ் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயங்களை இங்கே பார்க்கலாம்.

டெலிவரி வாங்கும்போது 4 விஷயங்கள்

1. சீல்: வால்வு மேல் இருக்கும் பிளாஸ்டிக் சீல் உடையாம இருக்கா, பாதுகாப்பு மூடி நூலோடு இருக்கான்னு பாருங்க. சீல் பிரிஞ்சிருந்தா வாங்க வேண்டாம், வேற சிலிண்டர் கேளுங்க.

2. எடை: வீட்டு உபயோக சிலிண்டரில் இருக்க வேண்டிய கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை ஒவ்வொன்றுக்கும் மாறும். அது சிலிண்டரிலேயே எழுதப்பட்டிருக்கும். உதாரணமா 15.8 கிலோன்னு எழுதியிருந்தா, முழு சிலிண்டர் 30 கிலோ காட்டணும். டெலிவரி பண்றவர் எடை மெஷின் வைத்திருக்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்றது உங்க உரிமை, கூச்சப்பட வேண்டியதில்லை.

3. சோதனை தேதி: மேலே இருக்கும் கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளின் உள்பக்கம் ஒரு ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். 'பி-28' என்று இருந்தால் 2028 ஜூன் மாதத்துக்குள் அந்த சிலிண்டரை மறுபடியும் சோதனைக்கு அனுப்பணும் என்று அர்த்தம். நிறைய பேர் இதை கேஸ் காலாவதி ஆகுற தேதின்னு நினைக்கிறாங்க. கேஸ் கெட்டுப்போகாது. இது இரும்பு உருளையின் உறுதியைச் சோதிக்க வேண்டிய கெடு. கெடு தாண்டிய சிலிண்டர் வந்தா திருப்பிக் கொடுத்துடுங்க.

4. கசிவு: மூடியைத் திறந்து வால்வுக்குள் ரெண்டு சொட்டு தண்ணி விடச் சொல்லுங்க. குமிழி வந்தா கசிவு இருக்கு. வால்வுக்குள் இருக்கும் சின்ன கறுப்பு ரப்பர் வளையத்தையும் பாருங்க. அது இல்லாமலோ, வெடிச்சோ இருந்தா ரெகுலேட்டர் மாட்டியதும் அந்த வழியா கேஸ் கசியும்.

இன்னொரு விஷயம், பில்லில் இருக்கும் தொகையிலேயே டெலிவரி கட்டணமும் அடங்கிடும். அதுக்கு மேல தனியா கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை.

சிலிண்டரை எங்கே, எப்படி வைக்கணும்?

சிலிண்டர் எப்பவும் நிமிர்ந்து நிற்கணும். அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில், மேடை மேல் இருக்கணும். சமையல் கேஸ் காற்றை விட கனமானது. கசிஞ்சா மேலே போகாம தரையோட தரையா பரவி, தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால அடுப்பைத் தரையில் வைப்பது ஆபத்து. காற்று போக வழியில்லாத கப்போர்டுக்குள் சிலிண்டரை அடைச்சு வைப்பதும் ஆபத்துதான். கப்போர்டில்தான் வைக்கணும்னா, அதன் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்கணும்.

கேஸ் தீரப்போற நேரத்தில் சிலிண்டரைப் படுக்க வைக்கிறது, குலுக்குறது, சுடுதண்ணியில் வைக்கிறது எல்லாம் பல வீடுகளில் இன்னும் நடக்குது. தயவுசெய்து செய்யாதீங்க. உள்ளே இருப்பது அழுத்தத்தில் இருக்கும் திரவம். நிமிர்ந்து இருக்கும்போது மேலே இருக்கும் ஆவி மட்டும் வெளியே வரும். படுக்க வச்சா திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்து வரலாம். அந்தத் திரவம் ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். ஒரு டீக்கு ஆசைப்பட்டு சமையலறையையே இழக்கணுமா?

எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்குன்னு தெரியணும்னா ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ் வரை துடைங்க. காலியான பகுதி சீக்கிரம் காஞ்சிடும், திரவம் இருக்கும் பகுதியில் ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கோடுதான் அளவு.

ட்யூபை எப்போ மாத்தணும்?

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உள்ளே இரும்புக் கம்பி வலை கொண்ட 'சுரக்ஷா' ட்யூபைத்தான் பயன்படுத்தணும். 5 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். வெடிப்பு தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சில வீடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு படக்கூடாதுன்னு ட்யூப் மேல் துணியோ பிளாஸ்டிக்கோ சுத்தி வைப்பாங்க. அப்படி சுத்தினா உள்ளே விழுந்த விரிசலும், எலி கடிச்ச இடமும் கண்ணுக்கே தெரியாது.

இரவு தூங்கப் போகும் முன் அடுப்பின் திருகியை மட்டும் மூடினால் போதாது. அப்போதும் ட்யூப் முழுக்க கேஸ் நிற்கும். ரெகுலேட்டரையும் ஆஃப் பண்ணுங்க. ஊருக்குப் போறதா இருந்தா ரெகுலேட்டரைக் கழட்டி, வால்வில் பாதுகாப்பு மூடியைப் போட்டுட்டுப் போங்க. அந்த மூடியைத் தூக்கிப் போடாம சிலிண்டரிலேயே தொங்க விடுறது அதுக்காகத்தான்.

வாசனை வந்தா என்ன செய்யணும்?

சமையல் கேஸுக்கு இயல்பா வாசனை கிடையாது. கசிவு தெரியணும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறாங்க. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி வரும் அந்த நாற்றம்தான் நமக்கு எச்சரிக்கை மணி. அது வந்தா:

• லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் ஆன் பண்ணவும் வேண்டாம், ஆஃப் பண்ணவும் வேண்டாம். ஆஃப் பண்ணும்போதும் ஸ்விட்ச்சுக்குள் தீப்பொறி வரும்.
• அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி என எரியும் எல்லாவற்றையும் அணைச்சிடுங்க.
• ரெகுலேட்டரை மூடுங்க. முடிஞ்சா கழட்டிட்டு பாதுகாப்பு மூடியைப் போடுங்க.
• கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விடுங்க.
• குழந்தைகள், பெரியவர்கள் எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வாங்க.
• மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தா மட்டும் அதை அணைங்க. ஃபிரிட்ஜ் தானா ஓடத் தொடங்கும்போது வரும் தீப்பொறியை அது தடுக்கும்.
• வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு போன் பண்ணுங்க. கேஸ் கசிவுக்கான 24 மணி நேர அவசர எண் இது. வீட்டுக்குள் நின்னு போன் பேச வேண்டாம்.

விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு சமையலறைக்குப் போய் முதல் வேலையா லைட் போடுறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். இரவெல்லாம் கசிந்து தேங்கிய கேஸ் தீப்பிடிக்க அந்த ஒரு ஸ்விட்ச் போதும். கதவைத் திறந்து, ஒரு நொடி நின்னு மோந்து பார்த்துட்டு அப்புறம் லைட் போடுங்க.

கசிவு இருக்கும்னு சந்தேகம் வந்தா தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. சோப்புத் தண்ணியை ட்யூப், இணைப்புகள் மேல் தடவுங்க. குமிழி வந்தா அங்கே கசிவு.

தீப்பிடிச்சா?

ட்யூபிலோ அடுப்பிலோ சின்னதா தீப்பிடிச்சா, கை எட்டுற தூரத்தில் இருந்தால் ரெகுலேட்டரை உடனே மூடுங்க. கேஸ் நின்னா தீயும் நிற்கும். எட்ட முடியலைன்னா வீரம் காட்ட வேண்டாம். வெளியே வந்து தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112 எண்ணில் சொல்லுங்க. வாணலியில் எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, அடுப்பை அணைச்சுட்டு மூடி போட்டு மூடுங்க.

தீக்காயம் பட்ட இடத்தில் குழாய்த் தண்ணியை 20 நிமிஷம் ஓட விடுங்க. டூத்பேஸ்ட், இங்க், மாவு, நெய் எதையும் தடவ வேண்டாம். காயம் பெருசா இருந்தா 108 ஆம்புலன்ஸை அழைங்க.

விபத்து நடந்தா இன்சூரன்ஸ் உண்டா?

உண்டு. இது பலருக்குத் தெரியாது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்காக காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. இதற்கு நீங்க தனியா பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. சமையல் கேஸால் ஏற்படும் விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய், பதிவு செய்த முகவரியில் ஏற்படும் பொருள் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய் என இந்தத் திட்டத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

விபத்து நடந்ததும் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கணும், போலீஸிலும் புகார் கொடுக்கணும். மருத்துவமனை பில், மருந்துச் சீட்டு எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கோங்க. வீடு மாறியிருந்தா கேஸ் புக்கில் முகவரியை மாத்திட்டீங்களான்னு இன்னைக்கே பாருங்க. பழைய முகவரியே இருந்தா பொருள் சேத இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத அடுப்பு, ட்யூப் பயன்படுத்தினாலும் அதே சிக்கல்தான்.

கேஸை மிச்சம் பிடிக்க

• பருப்பு, கொண்டைக்கடலையை ஊற வச்சு குக்கரில் வேக விடுங்க.
• கொதி வந்ததும் தீயைக் குறைச்சிடுங்க. அதுக்கு மேல தீ பெருசா எரிஞ்சாலும் தண்ணியின் சூடு ஏறாது, கேஸ்தான் வீணாகும்.
• பாத்திரத்தை மூடி வைங்க. தீ பாத்திரத்துக்கு வெளியே வரக்கூடாது.
• தீ நீலமா எரியணும். மஞ்சளா எரிஞ்சு பாத்திரம் கரி பிடிச்சா பர்னர் துளைகளைச் சுத்தம் பண்ணுங்க.

முக்கியமா, 1906 எண்ணை இப்பவே போனில் சேமிச்சுக்கோங்க. வீட்டில் சமைக்கிறவங்க போனில் மட்டும் இல்ல, எல்லார் போனிலும் அது இருக்கணும். ரெகுலேட்டரை எப்படி மூடுறதுன்னு அடுப்பு பக்கமே போகாதவங்களுக்கும் ஒருமுறை செஞ்சு காட்டுங்க. கேஸ் கசியும் நேரத்தில் வீட்டில் அவங்க மட்டும்தான் இருக்கலாம்.