நான்சி நகரத்துக் கதிர்கள்

1895ஆம் ஆண்டில் ரொஞ்சன் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலே, யுரேனியத்தினின்றும் வெளிப்படும் கதிர்களை பெக்கரல் அறிவித்தார். இன்னுமொரு புதுக்கதிர் எந்நாளும் தோன்றலாமென ஐரோப்பிய விஞ்ஞானிகள் எதிர்பார்த்திருந்த காலம் அது. எதிர்பார்ப்பானது கண்ணையும் ஆளவல்லது என்பதற்கு, 1903ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து நான்சி நகரிலே தொடங்கிய நிகழ்ச்சியொன்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அந்நகரப் பல்கலைக்கழகத்திலே பௌதிகப் பேராசிரியராய் விளங்கியவர் ரெனே புளொண்டுலோ. வானொலி அலைகளின் வேகத்தை நுட்பமாய் அளந்து புகழீட்டியவர்; பொய்யுரைத்துப் பெயர் தேடவேண்டிய நிலையில் இருந்தவரல்லர். சிறு மின்பொறியொன்று சற்றே மிகுந்து ஒளிர்வதைக் கண்ட அவர், புலனாகாத புதுக்கதிரே அதற்குக் காரணமென முடிவுசெய்து, தம் நகரின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு 'என்-கதிர்' எனப் பெயரிட்டார். அவ்வளவுதான்; பிரான்சில் வேறு பலரும் அதனைக் காணலாயினர். மனித உடலின் நரம்பும் தசையுங்கூட அக்கதிரை வீசுகின்றன என்றார் சார்ப்பந்தியே என்பவர். ஆயின் ஜேர்மனியில் ரூபென்சும் லும்மரும் எவ்வளவோ முயன்றும் அது அவர்களுக்குத் தென்படவில்லை.

காணும் முறையே விந்தையானது. இருளறையிலே கண் பழகும்வரை காத்திருத்தல் வேண்டும்; மங்கலாக ஒளிரும் திரையை நேரே உற்றுநோக்கலாகாது. காணாதவர்க்கோ, கண்ணின் நுண்மை போதாதென்ற விடை ஆயத்தமாயிருந்தது. மறுப்பாய் வரவேண்டியதெல்லாம் இவ்வாறு காண்பவரின் குறையாகிவிடின், அக்கொள்கையைத் தோற்கடிப்பது எங்ஙனம்? இருளிலே மங்கிய ஒளி கூடியும் குறைந்தும் தோன்றுவது விழியின் இயல்பு. கூடும் தருணத்தை மனம் பற்றிக்கொண்டது; குறையும் தருணத்தை விட்டுவிட்டது.

1904இல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் றொபேட் வுட் நான்சிக்குச் சென்றார். அலுமினிய அரியமொன்றினால் கதிர்களைப் பிரித்து, அவை விழும் இடங்களை நுண்ணளவாக அங்கே குறித்துக் காட்டினர். வுட் அவர்களோ இருளிலே, எவரும் அறியாவண்ணம், அந்த அரியத்தை அகற்றிவிட்டார். முன்னர்க் கூறிய அதே அளவுகள் பின்னரும் கூறப்பட்டன! இச்செய்தி அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆந் தேதி 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பிரான்சுக்கு வெளியே என்-கதிரின் கதை அதனோடு முடிந்தது.

பிரான்சிலே உடனே முடியவில்லை. அவ்வாண்டின் இறுதியில் விஞ்ஞானக் கழகம் 50,000 பிராங்குப் பரிசொன்றைப் புளொண்டுலோவுக்கே அளித்தது. அவரது பணி முழுமைக்குமாகவே அளிப்பதாகக் கூறிக்கொண்டது. அவர் 1909இல் ஓய்வுபெற்று, 1930இல் காலமானார். அவர் பெயரால் வழங்கும் பூங்காவொன்று இன்றும் நான்சியில் உண்டு.