கிரகணத்தில் தொடங்கிய பாடம்

1829 மார்ச் மாதம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் சந்திர கிரகணம் பார்க்க ஆட்கள் திரண்டிருந்தார்கள். கிரகணம் அவர்களுக்குப் புதிதல்ல. இரண்டு கணக்குகளில் எது பலிக்கப்போகிறது என்பதில்தான் அன்று எல்லாருக்கும் கண். அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் ஒரு நேரத்தைச் சொல்லியிருந்தது. அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரித் தலைவர் டானியல் பூர் வேறொரு நேரத்தைச் சொல்லியிருந்தார். கிரகணம் தொடங்குவதிலேயே இருவருக்கும் கால் மணி நேர வித்தியாசம். எவ்வளவு நேரம் நீடிக்கும், நிலவில் எவ்வளவு மறையும் என்பதிலும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் பூரின் கணக்கே பலித்தது.

மிஷனுக்கு இது பெரிய வெற்றி. பஞ்சாங்கம் பிழை என்றால் அதை எழுதியவர்கள் நம்பும் புராணமும் பிழை என்று வாதிட மிஷனரிகளுக்கு ஒரு பிடி கிடைத்தது. பிறகு அந்தக் கதை மிஷன் ஏடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஆனால் தொலைநோக்கியோ அச்சிட்ட அட்டவணையோ இல்லாத ஒருவரின் கணக்கு, ஐரோப்பிய வானியலோடு ஒப்பிட்டபோது கால் மணி நேரம்தான் விலகியது என்பதும் அதே கதைக்குள்தான் இருக்கிறது. அதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

இந்தக் கணக்கு முறையின் தரத்தை வெளிநாட்டவர்களே முன்பு சோதித்திருக்கிறார்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1761-இல் போரினாலும் 1769-இல் புதுச்சேரி வானத்து மேகத்தினாலும் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணிதர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி பிசகியது. அன்றைய ஐரோப்பாவில் பேர்பெற்ற தோபியாஸ் மாயரின் அட்டவணை பிசகியது 68 விநாடி.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே புதுச்சேரியில் ஜான் வாரன் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். வாரன் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலிருந்தவர். தென்னிந்தியக் கால அளவைகளை ஆராய்ந்து ‘கால சங்கலிதா’ என்ற நூலை 1825-இல் வெளியிட்டவர். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, அந்த ஆண்டின் மே 31 இரவுக் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

ஒரு கிரகணத்தில் விநாடிகள், இன்னொன்றில் முக்கால் மணிக்கும் மேல். இதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. வாக்கியங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த அளவுகளைச் சுமந்து வந்தவை. வானத்தை மீண்டும் பார்த்து அளவுகளைத் திருத்தினால்தான் கணக்கு காலத்தோடு ஒட்டி வரும். கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் 1431-இல் அப்படித் திருத்தி ‘திருக்கணிதம்’ எழுதினார். திருத்தாமல் மனப்பாடமாகவே கைமாறிய இடத்தில் பிழை ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போனது. சாஸ்திரியாரின் மூளையில் குறையில்லை. அவர் கைக்கு வந்த எண்கள் பழையவை. இன்றும் யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் பக்கத்துப் பக்கத்தில் விற்பனையாகின்றன.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் நவீன அறிவியலைக் கற்பித்த தொடக்கக் கதைகளில் வட்டுக்கோட்டைக் கதை முக்கியமானது. வெற்றுத் தரையில் விதைத்ததாக மிஷனரிகள் நினைத்தார்கள். உண்மையில் அது நாழிகையும் விநாழிகையும் எண்ணத் தெரிந்த ஊர். இரண்டு கணக்கு, ஒரு வானம் என்றதும் பாடம் புரிந்துவிட்டது அதனால்தான்.

செமினரி 1823-இல் தொடங்கியது. யூக்ளிட்டின் வடிவகணிதம், திரிகோண கணிதம், பௌதிகம், இரசாயனம், வானியல் எல்லாம் அங்கே பாடம். கூடவே தமிழ் இலக்கியமும் இருந்தது. இலங்கை அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் அதைப் பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது என்று 1850-இல் எழுதினார். கொஞ்சம் உபசாரமாகவே இருக்கட்டும். ஆனால் மாணவர்கள் அதை நிரூபித்தார்கள். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் முதல் பட்டதாரிகளானவர்கள் இருவர். சி.வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். விசுவநாதபிள்ளை அதற்கு முன்பே இயற்கணிதத்தைத் தமிழில் ‘வீசகணிதம்’ என்ற நூலாக எழுதியிருந்தார்.

பூமியைப் பற்றிய பாடம்தான் அதிகம் உரசியது. மேருவும் ஏழு கடல்களும் ஒருபக்கம், மேசை மேல் சுழலும் பூகோள உருண்டை மறுபக்கம். பூருக்குப் பின் செமினரியை நடத்திய ஹொய்சிங்டன் இதை நுட்பமாகக் கையாண்டார். புராணம் தட்டை என்று சொன்னாலும் சித்தாந்த வானியல் நூல்கள் பூமியை உருண்டை என்றே கணக்கிடுகின்றன. நம்மவர் நூலையே சாட்சியாக நிறுத்தலாம். 1848-இல் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து இந்து வானியல் நூலொன்றை யாழ்ப்பாணத்து மிஷன் அச்சகத்தில் அவர் பதிப்பித்தார். மதம் மாற்ற வந்தவர் கையால் நம் வானியல் அச்சேறியது! மறுதரப்பும் சும்மா இருக்கவில்லை. அதே 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், தம் பள்ளிப் பிள்ளைகளுக்காக இலங்கைப் பூமிசாஸ்திரமும் எழுதினார். மிஷனோடு சண்டை சமயத்தில்தான், பூகோளத்தில் அல்ல.

மிஷன் போட்ட கணக்கும் ஓரிடத்தில் பிசகியது. போதகர்களை உருவாக்கவே செமினரி நடந்தது. ஆங்கிலமும் கணிதமும் கற்ற இளைஞர்களோ அரசு உத்தியோகத்துக்குப் போனார்கள். தாமோதரம்பிள்ளை சைவத்துக்கே திரும்பினார். பிறகு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தமிழின் முதன்மையான பதிப்பாசிரியர்களில் ஒருவரானார். அமெரிக்காவிலிருந்து வந்த மேலிடக் குழு செலவையும் பலனையும் பார்த்து 1855-இல் செமினரியை மூடியது. ஊரார் விடவில்லை. 1872-இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

உயிரியலின் கதை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்தது. மாசச்சூசெட்ஸ்காரரான மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் வகுப்பெடுத்தவர் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் மேல்நாட்டு உடைக்கு மாறுவதும் அவருக்குப் பிடிக்காது. ஊருக்குள் போய் ஊர்க்காரரைக் குணப்படுத்தப்போகிறவனுக்கு ஆங்கிலமும் கால்சட்டையும் எதற்கு என்பது அவர் வாதம்.

அதற்குப் புத்தகங்கள் வேண்டுமே. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875-இல் வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’, 1883-இல் ‘மனுஷ சுகரணம்’ என்று அவரும் மாணவர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார்கள். உடற்கூறுக்கு எடுத்துக்கொண்டது இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரேயின் நூலை. உடல்நலம் குன்றி 1873-இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் தமிழை விடவில்லை. கடைசி இரண்டு நூல்களும் வூஸ்டர் நகரில் இருந்தபடி முடித்தவை. 1884-இல் இறந்தார். அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் அறுபதுக்கும் மேல்.

அவருக்குப் பிறகு அந்த முயற்சி தளர்ந்தது. அரசு வேலைக்கு ஆங்கிலச் சான்றிதழ் வேண்டியிருந்தது. தமிழில் படித்த மருத்துவனுக்கு அது கிடைக்கவில்லை. நூல்களில் குறையில்லை, வேலைவாய்ப்பில்தான் குறை.

இன்று இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றையும் தமிழில் படிக்கிறார்கள். தேறி மருத்துவ பீடத்துக்குள் நுழைந்தால் பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. மானிப்பாயிலிருந்து சில மைல் தொலைவில் 1978-இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலம்தான்.