கட்டணத் திரைக்கு எட்டாத தீவுகள்

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், தன் ஊர்க்காரரும் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அப்போது முதல்வராக இருந்தவர் எம்.ஜி.ஆர். மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளைக் கேட்டுக்கொள்ள அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அலியைத் தூது அனுப்பியதும் இந்த இந்தியப் பயணத்தின் நடுவில்தான். இங்கிருந்தே அவர் தான்சானியாவுக்குப் புறப்பட்டார். அந்தத் தூதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது நேரு ஸ்டேடியத்தில் அலியைப் பார்க்கத் திரண்ட கூட்டம். சென்னைத் தூர்தர்ஷன் பிறந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். வண்ண ஒளிபரப்பும் தேசிய ஒளிபரப்பும் வர 1982 ஆயிற்று. ஆக, அன்று அலியைக் காண வந்தவர்களில் பெரும்பாலோர் அவர் பட்டத்துக்காக மோதிய ஒரு போட்டியைக்கூட நேரலையில் பார்த்திருக்க முடியாது. செய்தித்தாள், வானொலி, தியேட்டரில் படத்துக்கு முன்னால் ஓடும் செய்திப்படம், டீக்கடைப் பேச்சு ஆகியவற்றின் வழியாகத்தான் அலி தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். இந்த வழிகளில் சிலவற்றுக்குக் கட்டணமே இல்லை. மற்றவற்றுக்குச் சில காசுகள்.

சென்னையிலிருந்து வங்கக் கடலில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது போர்ட் பிளேர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட ஊர். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். 1963-இல் அங்கே அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. தீவு நிர்வாகமே நடத்திய 'தி டெய்லி டெலிகிராம்ஸ்' நாளிதழ் உள்ளூரிலேயே அச்சாயிற்று. தலைநிலத்துப் பத்திரிகைகள் கப்பலையோ விமானத்தையோ நம்பி இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 3.8 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய மலையகத் தமிழர்களும் அதில் அடக்கம். ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் வரலாற்றை இந்தத் தீவுகளில் நின்று பார்த்தால், நியூயார்க்கிலும் லாஸ் வேகாஸிலும் நின்று பார்ப்பவர்களுக்குப் புலப்படாத ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு விளையாட்டின் புகழைப் பரப்புகிறவை விலையில்லாத வழிகள். கட்டணத் திரை, அப்படிப் பரவிய புகழை விற்றுக் காசாக்கும் கருவி. விற்க விற்க அந்தக் கையிருப்பு குறைகிறது என்பதே என் வாதம்.

கட்டணத் திரையின் தொடக்கம் தியேட்டர்களில். 1971 மார்ச் 8-இல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அலியும் ஜோ ஃபிரேசியரும் முதன்முறை மோதியபோது இருவருக்கும் தலா 25 லட்சம் டாலர் உறுதி செய்யப்பட்டது. அந்தப் பணம் வந்த வழி 'குளோஸ்டு சர்க்யூட்'. தனிக் கம்பி இணைப்பில் படத்தை அனுப்பி, சினிமா அரங்குகளில் டிக்கெட் போட்டுக் காட்டும் முறை அது. 1974 அக்டோபர் 30-இல் ஜயர் நாட்டின் கின்ஷாசாவில் அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் விடியற்காலை நான்கு மணிக்கு மோதினார்கள். அமெரிக்க அரங்குகளில் முன்னிரவுக் காட்சியாக ஓடவேண்டும் என்பதற்காகவே அந்த நேரம். போட்டி நடந்த நாட்டின் மக்கள் தூக்கத்தைத் தொலைத்து அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மணிலாவில் மூன்றாவது முறையாக அலியும் ஃபிரேசியரும் சந்தித்த போட்டியை ஹெச்.பி.ஓ. நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தன் சந்தாதாரர்களுக்குக் காட்டியது. அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சி செயற்கைக்கோள் யுகத்துக்குள் நுழைந்த நாள் அது. அரங்கில் இருந்த கட்டணப் பெட்டி வீட்டுக்குள் வருவதற்கான வழி அன்றே திறந்துவிட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அலியின் மிகப்பெரிய போட்டிகளுக்கே காசு வாங்கியிருக்கிறார்கள். கட்டணம் புகழைக் கெடுக்கும் என்றால் உலகத்திலேயே அதிகம் அறியப்பட்ட முகமாக அலி ஆனது எப்படி? நியாயமான கேள்விதான். விடை மற்ற போட்டிகளில் இருக்கிறது. 1976 முதல் 1978 வரை அலி களம் கண்டவற்றில் பல, அமெரிக்க வீடுகளுக்கு இலவசமாகவே வந்தன. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸோடு மோதியதை என்.பி.சி. காட்டியது, பார்த்தவர்கள் 7 கோடிப் பேர் என்பது அன்றைய மதிப்பீடு. மறு ஆண்டு பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்ததையும், செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் அதை மீட்டதையும் சாதாரணத் தொலைக்காட்சியிலேயே பார்க்க முடிந்தது. மீட்டெடுத்த அந்தப் போட்டியை 9 கோடி அமெரிக்கர்கள் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். பெரிய போட்டிக்கு டிக்கெட் வாங்கியவன், அதற்கு முன்பே பத்துப் போட்டிகளைக் காசில்லாமல் பார்த்து அலியை நேசித்தவன். டிக்கெட் வாங்க முடியாதவனுக்கும் மறுநாள் பத்திரிகையும் பின்னால் வரும் பதிவும் இருந்தன. கட்டணம் அன்று விளிம்பில் இருந்தது; நடுவில் திறந்த வெளி இருந்தது.

1990-களில் அந்த நடுவெளி மூடப்பட்டது. 1991 ஏப்ரலில் ஹோலிஃபீல்ட்–ஃபோர்மன் போட்டியோடு ஹெச்.பி.ஓ. தன் 'பே-பெர்-வியூ' பிரிவைத் தொடங்கியது. மாதச் சந்தாவுக்கு மேலே, அந்த ஒரு இரவுக்கு மட்டும் தனிக் கட்டணம். கட்டினால் கலைத்து அனுப்பிய படம் ஒழுங்காகத் தெரியும், கட்டாவிட்டால் தெரியாது. சுமார் 14 லட்சம் வீடுகள் கட்டின. 1997 ஜூனில் ஹோலிஃபீல்டின் காதை மைக் டைசன் கடித்த போட்டிக்கு ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் தலா 50 டாலர் கொடுத்தன. ஒரே இரவில் 10 கோடி டாலர். இவையெல்லாம் வெற்றிக் கணக்காகவே எழுதப்படுகின்றன. ஆனால் 1978-இன் 9 கோடிப் பேரை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஐந்து பேர் கூடி உட்கார்ந்தார்கள் என்று வைத்தாலும் 1997-இன் கூட்டம் ஒரு கோடிதான். வருமானம் வளர்ந்திருக்கிறது, கூட்டம் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. இதைப் புகழின் வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சரிவுக்குக் கட்டணத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. 1982 நவம்பரில் சி.பி.எஸ். நேரலையில் ரே மான்சினியிடம் அடிவாங்கிய கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்துபோனார்; இலவசத் தொலைக்காட்சிகள் குத்துச்சண்டையிலிருந்து மெல்ல விலகியதில் அந்த மரணத்துக்கும் பங்கு உண்டு. நான்கு அமைப்புகள் நான்கு பட்டங்களைக் கொடுத்ததால், உலகச் சாம்பியன் யார் என்ற எளிய கேள்விக்கே பதில் இல்லாமல் போயிற்று. 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு, மறுப்பற்ற ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவர் வர 2024 மே மாதம் ஒலெக்சாண்டர் உசிக் வெல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை காரணங்கள் பின்னிக் கிடக்கையில் கட்டணத்தின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்து அளப்பது? ஒரே போட்டி ஒரு நாட்டில் இலவசமாகவும் இன்னொரு நாட்டில் கட்டணத்துக்கும் காட்டப்பட்டிருந்தால் அளக்கலாம். அப்படிப்பட்ட இரவுகள் உண்டு. 2017 ஏப்ரல் 29-இல் லண்டன் வெம்ப்ளியில் 90,000 பேர் முன்னிலையில் ஆண்டனி ஜோஷுவா, விளாடிமிர் கிளிட்ச்கோவை வீழ்த்தினார். பிரிட்டனில் அதைப் பார்க்க ஏறக்குறைய 20 பவுண்டு. வாங்கிய வீடுகள் சுமார் 15 லட்சம். அதே நேரத்தில் ஜெர்மனியில் ஆர்.டி.எல். அலைவரிசை இலவசமாகக் காட்டியது. பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். வென்றவர் பிரிட்டிஷ்காரர், களம் பிரிட்டன். கிளிட்ச்கோ ஜெர்மானியரும் அல்ல, உக்ரைனியர். 2011-இல் அவர் பிரிட்டனின் டேவிட் ஹேயோடு ஹாம்பர்க்கில் மோதியதை ஆர்.டி.எல்.லில் பார்த்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர். ஓர் அயல்நாட்டு வீரரைப் பல ஆண்டுகள் இலவசமாகக் காட்டியே அந்த நாடு தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது.

வீரனின் பக்கத்தையும் கேட்க வேண்டும். உயிரையும் மூளையையும் பணயம் வைக்கிறவனுக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று 1984-இல் தெரிந்தபோது அவருக்கு 42 வயது. அந்தக் கைகளின் நடுக்கத்தைப் பார்த்த எவரும் ஊதியத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டார்கள். வடசென்னையில் குத்துச்சண்டைக் குழுக்களான சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மோதிய காலத்திலும் டிக்கெட் உண்டு. பிடித்த பரம்பரைக்காக உழைப்பாளிகள் அந்தக் காசை மகிழ்ச்சியாகக் கொடுத்தார்கள். ஆனால் அரங்குக் கட்டணமும் திரைக் கட்டணமும் ஒரே வகை இல்லை. அரங்கில் ஓர் இருக்கையை ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு அது இல்லை. அலைவழியே வரும் படத்தை அந்தமானில் ஒருவர் கூடுதலாகப் பார்த்தால் டெக்சாஸில் யாருக்கும் எதுவும் குறையாது. அங்கே போடப்படும் வேலி, இல்லாத பற்றாக்குறையைச் செயற்கையாக உண்டாக்கும் வேலி. அதனால் சேரும் பணமும் உச்சியில் நிற்கும் இரண்டு மூன்று பேரிடமே தங்குகிறது. 1997-இன் அந்தப் போட்டிக்கு டைசனுக்கு 3 கோடி டாலர், ஹோலிஃபீல்டுக்கு 3.5 கோடி. அதே இரவில் கீழ்நிலைப் போட்டிகளில் இரத்தம் சிந்தியவர்களில் பலரின் பெயர்கூட இன்று நினைவில்லை.

இந்தியா வேறு வழியில் போனது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில், அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரியில் நாக்பூரில் இந்தியா–மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் போட்டியை உரிமம் வாங்கிய தனியார் நிறுவனம் தூர்தர்ஷனோடு பகிர மறுத்தபோது சர்ச்சை வெடித்தது. உடனே அவசரச் சட்டம், பிறகு முழுச் சட்டம். தேச முக்கியத்துவம் உள்ள போட்டி என்று அரசு அறிவித்தால் அதன் நேரலையைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குப் பகிர்ந்தே ஆக வேண்டும். விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 விழுக்காடு உரிமையாளருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. அந்தப் படத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிஷ் சேவையிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. பெருநகரத்துக்கு இந்த எல்லை பெரிதாகத் தெரிந்திருக்காது. தீவுகளுக்கு இந்தச் சட்டம் நகரத்தைவிடப் பல மடங்கு பயன்படும். தூர்தர்ஷனின் கே.யு. பேண்ட் டிஷ் அலை அந்தமான் நிக்கோபாரில் கிடைக்காத காலத்தில், அந்தத் தீவுகளுக்காகவே சி பேண்டில் பத்து அலைவரிசைகள் கொண்ட தனி டி.டி.எச். சேவையைத் தூர்தர்ஷன் நடத்தியது. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு சந்தைக்கு எந்தத் தனியார் கட்டண நிறுவனமும் அப்படிச் செய்திருக்காது. லாபக் கணக்கில் அந்த வேலைக்கு இடமே இல்லை.

தொழில்நுட்பம் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று இப்போது கேட்கலாம். 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. அதற்கு முன் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளின் குறுகிய வழியைத்தான் நம்பியிருந்தது. முழுக்க முழுக்கப் பொதுப்பணத்தில் போட்ட கேபிள் அது, தனியார் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே குறை இப்போது கம்பியில் இல்லை, விலையில் இருக்கிறது. விலை இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 நவம்பர் 15 சாட்சி. 58 வயது டைசனும் இணையத்தில் புகழ் பெற்ற ஜேக் பாலும் டெக்சாஸில் மோதியதை நெட்ஃபிளிக்ஸ் தனிக் கட்டணம் இல்லாமல், வழக்கமான சந்தாவுக்குள்ளேயே காட்டியது. போட்டியாக அது மிகச் சாதாரணம். படம் பலருக்குத் தடைப்பட்டுத் தடைப்பட்டுத்தான் வந்தது. ஆனாலும் 6 கோடி வீடுகள் பார்த்ததாக அந்நிறுவனம் சொன்னது. அதே மேடையில் ஹரியானாவின் நீரஜ் கோயத்தும் ஆடி வென்றார். ஓர் இந்தியக் குத்துச்சண்டை வீரரைப் பெரியதொரு கூட்டம் ஒரே நேரத்தில் பார்க்க வாய்த்தது கட்டண வேலி ஒன்று குறைந்ததால்.

தொலைக்காட்சி இல்லாமலே விளையாட்டு வளரும் என்பதற்கு அந்தமானையே காட்டுவோரும் இருப்பார்கள். தீவுகளிலிருந்து எழுந்த டெபோரா ஹெரால்டும் எசோ ஆல்பெனும் உலக அளவில் பெயர் பெற்றது சைக்கிள் பந்தயத்தில். 2018 ஜூனியர் உலகப் போட்டியில் ஆல்பென் வென்ற வெள்ளி, அந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் உலகப் பதக்கம். அதைத் திரை உண்டாக்கவில்லை, பயிற்சியும் ஓடுதளமும் உண்டாக்கின. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாடுகிறவர்களை உருவாக்குவதும், ஒரு விளையாட்டை ஊரே பேசும்படி செய்வதும் தனித்தனி வேலைகள். ஆல்பென் வென்ற அந்தப் போட்டியை அவருடைய தீவில் எத்தனை வீடுகளால் நேரலையில் பார்க்க முடிந்திருக்கும்? 2007 சட்டத்தின் பகிர்வு விதி கேபிள், டி.டி.எச்., வானொலி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகிறது. கைபேசியில் மட்டுமே ஓடும் நேரலையை அது பெயர் சொல்லவில்லை. உலகக் குத்துச்சண்டை இன்று பெருமளவு போய்ச் சேர்ந்திருப்பது கைபேசிச் சந்தாவுக்குள். கிரிக்கெட்டும் அந்தப் பக்கமே நகர்கிறது. இந்தியக் கொடி பங்கேற்கும் உலகப் பட்டப் போட்டிகளுக்காவது அந்த விதியைக் கைபேசி நேரலைக்கும் நீட்டிச் சட்டத்தைத் திருத்த வேண்டும். பொதுப்பணத்தில் போட்ட கடலடிக் கேபிளில் காசுள்ளவனின் படம் மட்டும் ஓடுவதற்காக அரசு 1,224 கோடி ரூபாய் செலவழிக்கவில்லை.