பிரித்தானிய வெர்ஜின் தீவுகள்: பாய்ப்படகுச் சுற்றுலாவின் வரலாறு

பிரித்தானிய வெர்ஜின் தீவுகள் கரீபியன் கடலின் வடகிழக்கு ஓரத்தில், புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளன. சிறிதும் பெரிதுமாகச் சுமார் 60 தீவுகளும் திட்டுகளும் கொண்ட இப்பகுதி பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. மொத்த நிலப்பரப்பு 153 சதுர கிலோமீட்டர். டோர்டோலா, வெர்ஜின் கோர்டா, அனெகாடா, ஜோஸ்ட் வான் டைக் ஆகியவை பெரிய தீவுகள். தலைநகரான ரோட் டவுன் டோர்டோலாவில் உள்ளது. பாய்ப்படகை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டி விடுமுறையைக் கழிக்க விரும்புவோர் உலகிலேயே மிக அதிகமாக நாடிவரும் கடற்பகுதிகளுள் இதுவும் ஒன்று. இந்தத் தொழிலின் வயது அரை நூற்றாண்டைச் சற்றே தாண்டும். ஆனால் இத்தீவு மக்கள் பாய்விரித்துப் பிழைத்த வரலாறு அதைவிட மிகப் பழையது.

காற்றும் கடலும்

தீவுகள் இரு வரிசையாக நிற்கின்றன. வடக்கே டோர்டோலா, தெற்கே நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர், ஜிஞ்சர் தீவுகள். நடுவே ஓடும் நீர்வழிக்குச் சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய் என்று பெயர். ஆங்கிலேயக் கடலோடி டிரேக் 1595இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானைத் தாக்கச் சென்றபோது இவ்வழியாகச் சென்றதன் நினைவாக இப்பெயர் வந்தது. பெருங்கடலின் அலைகளைத் தீவுகளே இருபுறமும் தடுத்துவிடுவதால் கால்வாயில் நீர் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று சீராக வீசுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அது வலுக்கும். கடல் ஏற்றவற்றம் ஓரடி அளவே. ஒரு துறையிலிருந்து புறப்படும்போதே அடுத்த தீவு கண்ணில் படும்; ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். காற்று நிற்காமல் வீச வேண்டும், ஆனால் கடல் பொங்கக் கூடாது என்று புதிய படகோட்டி விரும்பும் இரண்டும் ஒருசேர அமைந்த இடங்கள் உலகில் குறைவு. இத்தீவுகளின் உண்மையான செல்வம் இந்த அமைப்புதான்.

அனெகாடா மட்டும் விதிவிலக்கு. மற்றவை மலைத்தீவுகள், டோர்டோலாவின் சேஜ் மலை 523 மீட்டர் உயரம். அனெகாடாவோ பவளத்தால் ஆன தட்டைத் தீவு. கடல்மட்டத்திலிருந்து அதன் உச்சம் ஒன்பது மீட்டர்கூட இல்லை. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு நீரில் மூழ்கியது என்று பொருள். அருகில் வரும்வரை தெரியாத கரையும், அதைச் சூழ்ந்த குதிரைலாடப் பவளத்திட்டும் நூற்றுக்கணக்கான கப்பல்களைப் பலிகொண்டுள்ளன.

கரும்பிலிருந்து பாய்ப்படகுக்கு

கொலம்பஸ் தமது இரண்டாம் பயணத்தில், 1493இல், இத்தீவுகளைக் கண்டார். புனித உர்சுலாவையும் அவருடன் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் 11,000 கன்னியரையும் நினைத்து அவர் வைத்த பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. டச்சுக்காரர்கள் முதலில் குடியேறிய டோர்டோலாவை ஆங்கிலேயர் 1672இல் கைப்பற்றினர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் கரும்பும் பருத்தியும் விளைந்தன. 1834 ஆகஸ்ட் 1ஆம் நாள் அடிமைமுறை ஒழிந்தது. அந்த விடுதலையை மக்கள் இன்றும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

தோட்டங்கள் நலிந்து வெள்ளை முதலாளிகள் வெளியேறியபின், நிலமும் கடலும் விடுதலை பெற்ற மக்களின் கைக்கு வந்தன. அக்காலத்தில் அவர்கள் உருவாக்கியதே டோர்டோலா ஸ்லூப் எனும் ஒற்றைப் பாய்மரப் படகு. மலைச்சரிவில் இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரங்களைத் தேடி வெட்டி, அந்த வளைவையே படகின் விலாவாக்கினர். ஆடு மாடு, கரி, மீன், காய்கறி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு அண்டையிலுள்ள செயின்ட் தாமஸ் சந்தைக்குப் போய், மாவும் துணியும் வாங்கித் திரும்பினர். அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் தம் கையால் கட்டி, தம் பெயரில் வைத்துக்கொண்ட சொத்து இந்தப் படகு. இத்தீவுகளின் கடல் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய அத்தியாயம் வேறில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரப் படகுகள் பெருகவே ஸ்லூப்புகள் மறையத் தொடங்கின. பின்னாளில் ஹெச். லாவிட்டி ஸ்டவுட் சமுதாயக் கல்லூரி எஞ்சியவற்றுள் சிலவற்றைச் செப்பனிட்டுக் காக்க முன்வந்தது.

சுற்றுலாவின் தொடக்கம்

கரீபியனில் படகை வாடகைக்கு விடும் தொழிலுக்கு முன்னோடியாக அமைந்தது ஆன்டிகுவா தீவு. பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய வெர்னன் நிக்கல்சன் 1949இல் தம் குடும்பத்துடன் அங்கு வந்து, மாலுமிகளுடன் கூடிய படகுகளை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டார். அது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே எட்டும் இன்பமாக இருந்தது.

பிரித்தானிய வெர்ஜின் தீவுகள் 1959இல் அமெரிக்க டாலரைத் தம் நாணயமாக ஏற்றன. 1964இல் அமெரிக்கத் தொழிலதிபர் லாரன்ஸ் ராக்ஃபெல்லர் வெர்ஜின் கோர்டாவில் லிட்டில் டிக்ஸ் பே விடுதியைத் திறந்தார். வெளியார் முதலீடு வரத் தொடங்கியதும் நிலம் யாருக்கு என்ற கேள்வியும் எழுந்தது. ரோட் டவுனின் விக்கம்ஸ் கே பகுதியையும் அனெகாடாவின் பெரும்பகுதியையும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு 199 ஆண்டுக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தத்தை எதிர்த்து, 1968இல் நோயல் லாய்ட் தலைமையில் மக்கள் வீதிக்கு வந்தனர். இறுதியில் அரசு பணம் கொடுத்து அந்நிலங்களை மீட்டது. இன்று வாடகைப் படகுகள் வரிசையாக நிற்கும் துறை அதே விக்கம்ஸ் கேயில் இருப்பதை எண்ணும்போது, அப்போராட்டத்தின் அருமை விளங்கும்.

1969இல் சார்லி கேரி, ஜினி கேரி என்ற அமெரிக்கத் தம்பதியர் 35 அடி நீளமுள்ள ஆறு படகுகளுடன் டோர்டோலாவில் தி மூரிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். மாலுமி இல்லாமல் படகை மட்டும் வாடகைக்குத் தரும் முறை இது. பேர்போட் என்பது தொழில்வழக்கு. வருபவருக்குப் படகோட்டத் தெரியுமா என்று விசாரித்து, கடல் வரைபடத்தை விரித்துப் பாறைகளையும் துறைகளையும் காட்டி அனுப்பிவைப்பார்கள். படகுகளைச் சேர்ப்பதற்கும் ஒரு வழி உருவானது. வெளிநாட்டில் இருப்பவர் படகை விலைக்கு வாங்கிச் சில ஆண்டுகளுக்கு நிறுவனத்திடம் ஒப்படைப்பார். பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. உரிமையாளருக்கு வருமானத்தில் பங்கும், ஆண்டுக்குச் சில வாரம் படகில் தங்கும் உரிமையும் கிடைக்கும். ஆறு படகுகள் நூற்றுக்கணக்கில் பெருகியதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம். 1972இல் தொடங்கிய வசந்தகாலப் படகுப் போட்டி தீவுகளின் பெயரைப் பந்தயக்காரர்களிடமும் கொண்டுசென்றது.

பின்னர் ஒற்றை உடல் படகுகளின் இடத்தை இரட்டை உடல் கொண்ட கேட்டமரான்கள் பிடித்தன. அவை அதிகம் சாய்வதில்லை. குடும்பத்தோடு தங்க இடமும் தாராளம். இவற்றின் அமைப்புக்கு முன்னோடி பசிபிக் தீவுகளின் இரட்டைப் படகுகள். பெயரோ நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தது.

துறைகள்

வெர்ஜின் கோர்டாவின் பாத்ஸ் கடற்கரையில் வீட்டளவு கருங்கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இடுக்கு வழியே குனிந்து உள்ளே போனால், முழங்கால் அளவு நீர் தேங்கிய அறைகளில் பாறை இடைவெளியிலிருந்து வெயில் கோடாக இறங்குவதைக் காணலாம். நார்மன் தீவின் கடற்குகைகளைச் சிறு படகில் சென்று பார்க்கின்றனர். சால்ட் தீவருகே 1867 அக்டோபர் 29ஆம் நாள் சூறாவளியில் பாறையில் மோதி உடைந்த ரோன் அஞ்சல் கப்பல் கிடக்கிறது. நூறு பேருக்கு மேல் மாண்ட அவ்விடம் இன்று நீர்மூழ்குவோர் நாடும் கடற்பூங்கா.

நங்கூரமும் மிதவையும்

படகுகள் பெருகியபோது நங்கூரங்கள் பவளத்தை உடைத்தன. நூற்றாண்டுக்கணக்கில் வளர்ந்தது நொடியில் நொறுங்கியது. 1961இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்கா அறக்கட்டளை, கடலடியில் நிலையாகப் பொருத்திய கட்டுமிதவைகளை முக்கிய இடங்களில் நிறுவியது. மிதவையில் படகைக் கட்டுவதற்கு, காற்றை எதிர்த்து ஒருவர் அதை மெல்லச் செலுத்துவார். அணியத்தில் நிற்பவர் கொக்கிக் கழியை நீட்டி மிதவையின் கயிற்றுக் கண்ணியைத் தூக்கி, அதற்குள் தம் கயிற்றைக் கோத்து இழுத்துக் கட்டுவார். இரண்டு நிமிட வேலைதான். அடியிலுள்ள பவளத்தில் கீறல்கூட விழாது.

சூறாவளிக்குப் பின்

2017 செப்டம்பர் 6ஆம் நாள் ஐந்தாம் நிலைச் சூறாவளி ஐர்மா, மணிக்கு 280 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்துடன் தீவுகளைத் தாக்கியது. அலையாத்தி மரங்கள் சூழ்ந்த பரக்கீட்டா குடாவில் பாதுகாப்புக்காகக் கட்டிவைத்திருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. உயிர்கள் பலியாயின, வீடுகளின் கூரைகள் பறந்தன, மலைகள் இலையிழந்து பழுப்பாயின. படகை நம்பியிருந்த பழுதுபார்ப்பவர், பாய் தைப்பவர், துறையோரச் சமையல்காரர் என அத்தனை பேரின் பிழைப்பும் ஒரே நாளில் நின்றது. 2020இல் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது அந்தப் பிழைப்பு மீண்டும் முடங்கியது.

இருமுறையும் தீவுகள் எழுந்தன. இழந்த படகுகளுக்கு ஈடாகப் புதியவை வந்தன. கால்வாயும் அதைக் காக்கும் தீவு வரிசையும் கிழக்குக் காற்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. செயின்ட் தாமஸ் சந்தைக்குச் சரக்கேற்றிச் சென்ற ஸ்லூப்பின் பாயை நிறைத்த அதே காற்றைத்தான் விடுமுறைக்கு வருபவர்கள் இன்று தம் பாயில் ஏந்துகின்றனர்.