தீர்ப்பு வந்தாச்சு, சாவி வரல

திருவண்ணாமலைன்னதும் கிரிவலம் ஞாபகத்துக்கு வரும். இன்னிக்கு நான் சொல்றது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல, மலை மேல சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலை. அங்கே ஒருத்தர் வீட்டை வாடகைக்கு விட்டு, காலி செய்யச் சொல்லி கோர்ட் உத்தரவும் வாங்கிட்டார்னு வெச்சுக்குவோம். குடியிருக்கிறவர் நகர மாட்டேங்கிறார். இனி என்ன செய்யலாம்?

பூட்டை மாத்துறது, கரண்ட்டைப் பிடுங்குறது ரெண்டும் கூடாது. சட்டப்படி இல்லாம வெளியேத்தப்பட்டவர் ஆறு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டு திரும்ப உள்ளே வரலாம்னு 1877 ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்திலேயே இருந்தது. 1963 சட்டத்துல அதே விஷயம் 6-வது பிரிவா தொடருது. அந்த வழக்குல ஓனர் பத்திரத்தை நீட்டினாலும் எடுபடாது. எனக்கு இது நியாயமாத்தான் படுது. இல்லேன்னா அடியாள் வெச்சிருக்கிறவர்தான் ஜெயிப்பார்.

சரி, கோர்ட் வழியாவே போனா? இந்தியாவில் வழக்காடுறவரோட கஷ்டமே டிகிரி கிடைச்ச பிறகுதான் ஆரம்பிக்குதுன்னு லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லயே சொல்லிடுச்சு. (காலேஜ் டிகிரி இல்ல, தீர்ப்பாணை. ரெண்டுக்கும் பொருந்துதுங்கிறது வேற கதை.)

1908 சிவில் நடைமுறைச் சட்டத்துல இதுக்குன்னே பெரிய பகுதி ஒண்ணு இருக்கு: ஆணை 21. தீர்ப்பு வந்து 12 வருஷத்துக்குள்ள நிறைவேற்று மனு போடணும். வக்கீல்கள் பாஷையில் இ.பி. அப்புறம் வாரண்ட்டோட கோர்ட் அமீனா வருவார். கதவு திறக்கலைன்னா, பொதுவில் வராத பெண்கள் உள்ளே இருந்தா முதல்ல அவங்களுக்கு எச்சரிக்கையும் வெளியேற அவகாசமும் கொடுக்கணும். அதுக்கு அப்புறம் பூட்டை உடைக்கலாம். தேவைப்பட்டா போலீஸ் துணைக்கும் கோர்ட் உத்தரவு போடும். வேணும்னே தடுக்கிறவரை 30 நாள் வரை சிவில் சிறையில் வைக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 36-வது விதி. வீட்டை வாங்கினவர் ஜெயிச்சிருப்பார், ஆனா உள்ளே தீர்ப்பு கட்டுப்படுத்தாத முறையான வாடகைதாரர் இருப்பார். அவரைக் கிளப்ப முடியாது. வாரண்ட்டை வாசல்ல ஒட்டி தமுக்கடிச்சுச் சொன்னா, சுவாதீனம் காகிதத்துல கை மாறிடும். தமிழ்நாட்டு அரசு தண்டோரா போடுறதை நிறுத்தச் சொன்னது 2022-லதான்.

வாடகை வழக்குக்குத் தனிச் சட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு மெட்ராஸ் மாகாணத்துல 1946-ல வந்தது, அப்புறம் 1949, 1960. இப்போ இருக்கிற 2017 சட்டம் 2019 பிப்ரவரி 22-ல அமலாச்சு. அதனால உத்தரவு எந்தச் சட்டத்துல வாங்கினதுன்னு முதல்ல பாருங்க.

இழுத்தடிக்கிறது பெரும்பாலும் மூணாவது ஆள்தான். சேலத்துல 1986-ல தொடங்கின ஒரு நில வழக்கு. ஜெயிச்ச பிறகு, நாங்க குத்தகைக்காரங்கன்னு வேற சிலர் வந்து நின்னாங்க. 2025 மார்ச்லதான் உச்ச நீதிமன்றம் அதை முடிச்சு வெச்சு, நாடு முழுக்க எத்தனை இ.பி. தேங்கியிருக்குன்னு கணக்கும் கேட்டது. வந்த பதில் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேல.

இத்தனைக்கும் இ.பி.-யை ஆறு மாசத்துல முடிக்கணும், தாமதமானா காரணத்தை எழுதி வைக்கணும்னு அதே நீதிமன்றம் 2021-லயே சொல்லியிருந்தது. நம்ம திருவண்ணாமலைக்காரர் ஏழாவது மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகும்போது, அடுத்த வாய்தா எப்போன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, அந்தக் காரணம் எழுதியிருக்கான்னு தன் வக்கீலைப் பார்க்கச் சொல்லலாம்.