3438: வில்லும் நாணும் ஒரே அலகில்

180 பாகை என்பது π ரேடியன் என மாணவர்கள் மனனம் செய்கின்றனர். பாகை இயல்பானது, ரேடியன் செயற்கையானது என்ற எண்ணமும் உடன் பதிந்துவிடுகிறது. உண்மை இதற்கு நேர்மாறு. வட்டத்தை 360 கூறாக்குவது மரபு. வில்லின் நீளத்தை ஆரத்தோடு ஒப்பிட்டு அளப்பதே வட்டத்தின் இயல்பிலிருந்து பிறப்பது.

பொ.ஆ. 499ஐச் சார்ந்த ஆரியபடீயத்தில் சைன் அட்டவணை 225, 224, 222, 219 எனத் தொடங்கும் 24 வேறுபாடுகளாக அமைந்துள்ளது. அதன் ஆரம் 3438. ஏன் இந்த எண்? பாகைக்கு 60 கலை என்ற கணக்கில் முழு வட்டம் 21,600 கலை. பரிதிக்கும் விட்டத்துக்கும் அந்நூல் தரும் 62,832 : 20,000 என்ற விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் ஆரம் ஏறத்தாழ 3438 கலை ஆகும். அதாவது, வில்லை அளந்த அலகாலேயே ஆரமும் அளக்கப்பட்டது. 3438 கலை என்பது 57 பாகை 18 கலை. ஏறக்குறைய இன்றைய ஒரு ரேடியன்.

இதன் பயன் அட்டவணையின் முதல் எண்ணிலேயே தெரிகிறது. 225 கலை வில்லுக்குரிய அரைநாணும் 225. சிறிய வில்லும் அதன் அரைநாணும் ஏறத்தாழ சமம் என்ற உண்மை எண்களிலேயே வெளிப்படுகிறது. தாலமியின் அட்டவணையில் ஆரம் 60; வில்லின் அலகு வேறு, நாணின் அலகு வேறு. எனவே 1 பாகை வில்லின் நாண் அங்கே 1ஐச் சற்றே மிஞ்சிய எண்ணாக நிற்கிறது.

ஆனால் ரேடியனை ஆரியபட்டர் கண்டுபிடித்தார் எனல் மிகை. அவர் கோணத்தைக் கலையிலேயே அளந்தார். ஆரத்தை 1 எனக் கொள்ளவில்லை. இதே ஆரத்தை முன்னரே ஹிப்பார்க்கஸ் கையாண்டிருக்கக்கூடும் என்ற கருத்தும் ஆய்வுலகில் உண்டு. 14ஆம் நூற்றாண்டளவில் கேரளத்து மாதவர் ஆரத்தை 3437 கலை, 44 விகலை, 48 தற்பரை எனத் துல்லியமாக்கினார். அவர் மரபினர் அவருக்கு உரியதாகக் கூறும் சைன் தொடரில் ஆரத்தை 1 எனக் கொண்டால், கிடைப்பது இன்றைய ரேடியன் வடிவமே. ‘ரேடியன்’ என்ற பெயர் அச்சில் வந்தது 1873இல், பெல்ஃபாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் அமைத்த தேர்வு வினாத்தாளில்.

சொல்லின் பயணமும் இதனோடு இணைந்ததே. வில்லின் நாணைக் குறித்த ‘ஜ்யா’, ‘ஜீவா’ ஆகி, அரபியில் ‘ஜீப’ என ஒலிபெயர்க்கப்பட்டது. உயிர்க்குறியின்றி எழுதப்பட்டதால் ஆடையின் மடிப்பைக் குறிக்கும் ‘ஜைப்’ எனப் படிக்கப்பட்டு, லத்தீனில் ‘சைனஸ்’ என மொழிபெயர்ந்தது. அப்பயணத்தில் நாண் மறைந்தது. தமிழ்ப் பாடநூலிலோ வில்லும் நாணும் இன்றும் உள்ளன. சைன் என்பது அந்த நாணின் பாதியே என்று ஒரு வரி சேர்த்தால், மனனம் செய்த வாய்பாடு பொருள் பெறும்.